சபையில் அம்மா போட்ட வோட்டு

அம்மாவுக்குக் கொட்டாஞ்சேனையில் தெரியாத ஆள் இல்லை. காலிமுகத்திடலுக்கு அந்தப் பக்கம் தெரிந்த ஆளே இல்லை. அப்படிப்பட்டவள் ஒருநாள் காலையில் என்னிடம், "பிள்ளை, அந்தக் கவுன்சிலுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போ" என்றாள். அது இரண்டாவது உலக யுத்த காலம். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த என் அண்ணன் உள்ளூர்ப் பட்டாளத்தில் சேர்ந்திருந்தான். அந்தப் பட்டாளத்தை எகிப்துக்கு அனுப்பப் பணம் ஒதுக்குவதா இல்லையா என்று, அம்மா கவுன்சில் என்று சொன்ன அரசாங்க சபையில் அன்று விவாதம்.

மேல்மாடத்தில் இடம் கிடைத்தது. கீழே எல்லாரும் இங்கிலீஷில் வெளுத்து வாங்கினார்கள். அரிசிக்குக் கூப்பனோடு வரிசையில் நிற்கிற நாடு எகிப்தைக் காக்கக் காசு கொடுப்பதா என்று ஒருவர் மேசையில் அடித்தார். அங்கே தடுக்காவிட்டால் எதிரி நம் துறைமுகத்துக்கே வந்துவிடுவான் என்றார் இன்னொருவர். நான் ஒவ்வொன்றாக அம்மாவின் காதில் தமிழில் சொன்னேன். அவளுக்கு இருந்தது ஒரே கேள்விதான்.

"அப்ப மகன் போறானா, இல்லையா?"

கடைசியில், கறுப்பு அங்கியோடு உயர்ந்த நாற்காலியில் இருந்த சபாநாயகர், சம்மதம் என்பவர்கள் சொல்லலாம் என்றார். கீழே பல குரல்கள் சேர்ந்து ஒலித்தன. அம்மாவின் முகம் தெளிந்தது. தினமும் வீட்டில் ஜெபமாலையை நடத்தி எங்களைப் பதில் சொல்ல வைப்பவள் அவள். ஒருவர் சொல்ல மற்றவர்கள் பதில் சொல்வது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அடுத்து, வேண்டாம் என்பவர்கள் சொல்லலாம் என்றார். நான் மொழிபெயர்த்து வாய் மூடவில்லை, அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"வேண்டாம், சாமி!"

சபை முழுதும் அண்ணாந்து பார்த்தது. பியூன் ஓடி வந்தான். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. அம்மாவோ சேலையைச் சரிசெய்துகொண்டு, பூசை முடிந்து கோயிலைவிட்டு வருபவள் போல நிதானமாகப் படியிறங்கினாள். பணம் ஒதுக்கப்பட்டது என்று வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

புறப்படுகிற அன்று அண்ணன் அவளைக் கட்டிப்பிடித்துக் கேலி செய்தான். "மற்ற ஆக்களெல்லாம் அரிசிக்காக வேண்டாமெண்டாங்க. எனக்காக வேண்டாமெண்டது நீங்க மட்டுந்தான், அம்மா."

"ஒரு குரல் காணாதெண்டு தெரிஞ்சிருந்தா கோயிலையே கூட்டிக்கொண்டு வந்திருப்பன்" என்றாள் அம்மா. அவள் சிரிக்கவில்லை.

சொன்னபடியே செய்தாள். அன்று மாலை முதல் எங்கள் ஒழுங்கையில் அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்தவர்களையெல்லாம் ஜெபமாலைக்கு வீட்டுக்குக் கூட்டி வந்தாள். அவன் திரும்பும்வரை ஒருநாளும் விடவில்லை. அவன் வந்த அன்று, பதில் சொன்ன அத்தனை குரல்களுக்குள்ளும் அவன் குரலைக் கேட்டதும், அம்மாவுக்கு அடுத்த வரி வரவில்லை.