நீர்வேலி முதல் மானிப்பாய் வரை, ஒழுகும் றேடியேற்றருடன்

பழைய காரில் நீர்வேலியிலிருந்து மானிப்பாய்க்குப் போகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். போகலாம், பன்னிரண்டு கிலோமீற்றர் அளவுதான். நான் 1990இல் போன விதத்தைச் சொல்கிறேன். எழுதப் பழகியது இந்த வருடம்தான். சொல் சொல்லாகச் சேர்த்து எழுதுவதில் அவ்வளவு சந்தோசம், மெதுவாகத்தான் வரும்.

அன்று என் மனைவி பார்வதிக்கு வயிற்றுக்குத்து. குடல்வால் வெடிக்கப் பார்க்கிறது, இன்றே மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார் ஊர் வைத்தியர். குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் ஒழுங்கையில் இருந்த சூசையண்ணையிடம் ஒரு பழைய கார் இருந்தது. சண்டையால் பெற்றோல் இல்லாத காலம். நாலு சொட்டுப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவோம், எஞ்சின் கொதிக்கும். தெருவில் ஓடுகிற வாகனத்தை அரச படையின் ஹெலி, அதாவது ஹெலிகொப்டர், மேலிருந்து சுடும் என்பதால் காரை வாழையிலையால் மூடிக் கட்டினோம். தோட்டமே நகர்வது போல் புறப்பட்டோம்.

உரும்பிராய் தாண்டியதும் முன்னால் வெள்ளைப் புகை. எஞ்சினை ஆற்றுகிற தண்ணீர் நிற்கும் றேடியேற்றரில் ஓட்டை, கொதிதண்ணீர் தெருவில் ஒழுகியது. பின் இருக்கையில் பார்வதி முனகவும் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அப்போது தூரத்தில் ஹெலிச் சத்தம்.

"ஆவி மேலை போகுது, சூசையண்ணை. கண்டிடுவாங்கள்."

"கதையாதை தம்பி, சாக்கை நனை."

தோட்ட வாய்க்காலில் சாக்கை நனைத்து ஆவி வந்த இடத்தில் போட்டேன். சத்தம் தலைக்கு மேல் வந்து நின்றது போல் இருந்தது. பிறகு கடற்பக்கம் போனது.

சூசையண்ணை பக்கத்து வீட்டுப் படலையில் நின்று மஞ்சள்தூள் கேட்டார்.

"கறிக்கோ, காருக்கோ?" என்றார் அந்த வீட்டுக்காரி.

"காருக்குத்தான் பிள்ளை. உப்புப் புளி பிறகு பாப்பம்."

ஆறவிட்டு, ஓட்டையை அடைக்க மஞ்சளைக் கரைத்து றேடியேற்றருக்குள் ஊற்றினார். ஒழுக்கு குறைந்தது, ஆனால் கொஞ்சத் தூரத்தில் மறுபடியும் கொதித்தது. ஏன் என்று எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை.

"இஞ்சரப்பா," என்றாள் பார்வதி, கண்ணைத் திறக்காமல். "முன்னாலை தொங்கிற உந்த இலையை எடுங்கோ. வாயைப் பொத்திப்போட்டு ஓடச் சொன்னால் எது ஓடும்?"

கட்டிய இலைகள் சரிந்து, காற்றுப் போகும் முன்கம்பிகளை மூடியிருந்தன. எடுத்தால் மேலிருந்து கார் தெரியும். எடுக்காவிட்டால் கார் நகராது. சூசையண்ணை சிலுவை போட்டுக்கொண்டு கத்தியை எடுத்தார். நான் கயிற்றைப் பிடித்தேன், அவர் வெட்டினார், கட்டிய இலை எல்லாம் விழுந்தது. வெறும் காராய், வானத்தைப் பார்த்துப் பார்த்து ஓடினோம்.

ஆஸ்பத்திரி வாசலில் மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றது கார். அன்றே பார்வதிக்கு ஒப்பரேஷன் நடந்தது.

பழைய காரில் போகிறவர்களுக்கு: ஒரு கலன் தண்ணீர் கொண்டுபோங்கள். சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள். மஞ்சள்தூள் கராஜ் வரைக்கும்தான் தாங்கும். பிறகு கழுவி, ஓட்டையை ஒட்டுவிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முதல், காருக்கு முன்னால் காற்று போகிறதா என்று பாருங்கள்.

இவ்வளவையும் வாசித்துப் பார்த்த பார்வதி, "இலையை எடுக்கச் சொன்னது ஆர் எண்டு எழுதினனியளோ?" என்று கேட்டாள்.

ஓம், எழுதியிருக்கிறேன்.