வெளுத்துப்போன பச்சைத் தண்ணீர்

கமலக்கண்ணன் யாரையும் நம்பமாட்டார் என்பது ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் எல்லோருக்கும் தெரியும். வண்டிச் சாவியை மேசைமேல் வைக்கமாட்டார், தெரிந்தவன் வழி சொன்னாலும் இன்னொருத்தனிடம் கேட்டுவிட்டுத்தான் திரும்புவார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் எட்டு பவர்லூம் தறிகளைக் கூட்டாளி ஒருவனோடு சேர்ந்து ஓட்டினார். ஒரு நாள் கல்யாணத்துக்காகப் புத்தூர் போய்விட்டு வந்து பார்த்தால் கொட்டகையில் தறியே இல்லை, தரையில் போல்ட் பிடுங்கிய குழிகள்தான் இருந்தன. அந்தக் கூட்டாளி அதற்கு முந்தின இரவு இவர் வீட்டில்தான் சாப்பிட்டிருந்தான்.

அதற்கப்புறம்தான் வேன் ஓட்ட வந்தார். பதினேழு வருஷத்துப் பழைய வேன், ஊட்டிக்காரர் ஒருவரிடம் வாங்கியது. விடிகாலையில் நகரியிலிருந்து கிளம்பி, பிச்சாட்டூர் பக்கத்துக் கிராமங்களில் பெண்களை ஏற்றிக்கொண்டு, சத்தியவேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு கம்பெனியில் ஆறு மணி ஷிப்டுக்கு இறக்கிவிடுவார். ரெண்டு மணிக்கு ஷிப்டு முடியும்வரை வாசலுக்கு எதிரே வேப்பமரங்களுக்கு அடியில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். அங்கே பன்னிரண்டு டிரைவர்கள். பாதிப்பேர் தமிழ், பாதிப்பேர் தெலுங்கு. சீட்டு ஆடுவார்கள், தூங்குவார்கள்.

போன சித்திரையில், இஞ்சினைக் குளிர்விக்க ஊற்றும் கூலன்ட் குறைய ஆரம்பித்தது.

காலையில் டப்பாவில் மேல்கோடு வரை பச்சை நிறத்தில் நிற்கும். மறுநாள் பார்த்தால் ரெண்டு விரல் இறங்கியிருக்கும். கமலக்கண்ணன் வண்டிக்கு அடியில் அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து வைத்தார். அட்டையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். காய்ந்து கிடந்தன. ரேடியேட்டர் மூடியைப் புதிதாக மாற்றினார். அப்போதும் குறைந்தது.

அந்த வாரத்தில்தான் திலீப் வந்து பேச்சுக் கொடுத்தான். திலீப் வேறு ரூட்டில் வண்டி ஓட்டுகிறவன், முப்பது வயது இருக்கும். அவன் தங்கை தரணி பிச்சாட்டூரில் வாழ்க்கைப்பட்டவள், கமலக்கண்ணன் வேனில்தான் வேலைக்கு வருகிறாள்.

“அண்ணா, உன் வண்டி தண்ணி குடிக்குது போல கீது. இன்னான்னு பாரு” என்றான்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நேத்து வந்து நின்னதும் ஆவி வாசனை அடிச்சுது. அதான்.”

“என் வண்டிய நான் பாத்துக்குவேன். நீ உன் வேலையப் பாரு.”

திலீப் தலையை ஆட்டிவிட்டுப் போனான். கமலக்கண்ணனுக்கு மனசு ஒப்பவில்லை. மூடிக்கிடக்கிற பானெட்டுக்குள் தண்ணீர் குறைவது அவனுக்கு எப்படித் தெரிகிறது? தன் ரூட்டின்மேல் அவனுக்குக் கண் இருக்கிறதோ?

அதற்கப்புறம் நடந்தது இன்னும் விசித்திரமாக இருந்தது. சில நாட்களில் தண்ணீர் குறைவதே இல்லை. வீட்டுக்கு வந்து திறந்தால் டப்பா நிறைந்திருக்கும், ஆனால் நிறம் வெளுத்திருக்கும். கிளிப்பச்சையாக ஊற்றியது பத்து நாளில் வெள்ளரிக்காய்த் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. யாரோ நல்ல கூலன்டை எடுத்துக்கொண்டு வெறும் தண்ணீரை ஊற்றுகிறான் என்று முடிவுகட்டினார். பானெட்டைத் திறக்கும் கேபிள் அறுந்து வெகுநாள் ஆகிவிட்டது. வெளியே ஒரு கம்பி வளையத்தை இழுத்தால் யாரும் திறக்கலாம். மறுநாள் அந்த வளையத்தில் தறியின் பாவு நூல் ஒன்றைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டுத் தூங்கப் போனார். பகல் பன்னிரண்டுக்கு வந்து பார்த்தபோது நூல் அறுந்து தொங்கியது.

அடுத்த நாள் தூங்குவதாகச் சொல்லிவிட்டுக் கம்பெனி மதில் ஓரமாகச் சுற்றி வந்து, கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் நின்றார். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. பதினொன்றரைக்கு திலீப் கையில் ஒரு பாட்டிலோடு வேனை நோக்கி நடந்தான். ரெண்டு பக்கமும் பார்த்தான். வளையத்தை இழுத்துப் பானெட்டைத் தூக்கினான்.

கமலக்கண்ணன் ஓடிப்போய் அவன் சட்டைக் காலரைப் பிடித்தார்.

“மாட்டினியாடா! இன்னா பண்ணிக்கினு கீற?”

“தண்ணி ஊத்தறேண்ணா. கொறஞ்சிருந்தது.”

“எடுத்துட்டு ஊத்தறியா? என் வண்டி நடுரோட்டுல நின்னா ரூட்டு உனக்கு வரும்னா?”

“சத்தியமா இல்லண்ணா. சொன்னா நீ கேக்கமாட்டேன்னுதான்…”

மீதியைக் கமலக்கண்ணன் கேட்கவில்லை. மற்ற டிரைவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க “திருட்டுப்பய” என்று கத்தினார். நேராகக் கம்பெனி டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசரிடம் போய்ப் புகார் சொன்னார். மறுநாளிலிருந்து திலீப்பை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். அன்று திரும்பும்போது தரணி கடைசி சீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணனும் தங்கையும் சேர்ந்துதான் செய்திருப்பார்களோ என்றுகூடக் கமலக்கண்ணனுக்குத் தோன்றியது.

வண்டிக்குள்ளே இன்னொரு சந்தேகமும் ஓடிக்கொண்டிருந்தது. முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரும் மஞ்சு, தன் காலடியில் விரித்த கால்மிதி ஈரமாகவே இருக்கிறது என்று ஒரு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். “பின்னால எவளோ பாட்டில மூடாம உருட்டி விடறா” என்று ஒவ்வொருத்தியாக முறைத்தாள். கமலக்கண்ணனும் “பாட்டில ஒழுங்கா மூடுங்கம்மா” என்று தினமும் சொல்வார். முன்கண்ணாடியின் உட்பக்கம் பிசுபிசுப்பாகப் புகை படிவதையும் அவர் பெண்களின் தலைக்கு வைத்த எண்ணெய் என்றே நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திருடன் ஒழிந்தான் என்று கமலக்கண்ணன் அதற்கப்புறம் டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திலீப் போன நாலாம் நாள் ஷிப்டு முடிந்து திரும்பும்போது, நாகலாபுரம் தாண்டியதும் மஞ்சு அலறினாள். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து கொதிக்கிற தண்ணீர் அவள் காலில் கொட்டியது. வண்டி முழுக்க ஆவி. கமலக்கண்ணன் பிரேக்கை அழுத்தி ஓரம் கட்டினார். பெண்கள் முட்டிமோதி இறங்கினார்கள். மஞ்சுவின் புறங்காலில் தோல் சிவந்து கொப்புளம் கிளம்பியிருந்தது. பக்கத்து வயல் மோட்டாரில் ஓடிய தண்ணீரில் அவள் காலை வைத்துப் பிடித்துக்கொண்டு தரணிதான் உட்கார்ந்திருந்தாள்.

“எவளோ வேணும்னே…” என்று கமலக்கண்ணன் ஆரம்பித்தார். பழக்கம், வாயில் தானாக வந்துவிட்டது.

தரணி நிமிர்ந்து பார்த்தாள்.

“நாலு நாளா எங்கண்ணன் தண்ணி ஊத்தல. அதான் இன்னிக்கு இப்படி. இந்த வண்டியில நான் வரேன்னு தெனமும் பாத்து பாத்து ஊத்தினான். அவனத்தான் நீ திருடன்னு சொன்ன.”

கமலக்கண்ணன் பெண்களை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, தெரிந்த லாரிக்காரரிடம் கெஞ்சி வேனைக் கயிறு கட்டித் திருப்பதிக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே ரேணிகுண்டா ரோட்டில் இருக்கும் பக்கிரிசாமி ரேடியேட்டர் வேலை மட்டுமே பார்ப்பவர்.

“கீழ சொட்டுதா?” என்றார் பக்கிரிசாமி.

“ஒரு சொட்டு கூட இல்ல.”

“சைலன்சர்ல வெள்ளப் புகை?”

“இல்ல.”

ஆயில் கம்பியை இழுத்துப் பார்த்தார். “மோர் மாதிரி ஆவல. தண்ணி இஞ்சினுக்குள்ள போவல.” ரேடியேட்டரில் தண்ணீரை நிரப்பி, அதன் வாயில் ஒரு கைப்பம்பைப் பொருத்திக் காற்று அடித்தார். பம்பில் அழுத்தம் காட்டும் முள் ஏறி நின்றது, பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு இஞ்சின் முழுக்கத் தேடினார். எங்கும் காய்ந்திருந்தது. முள் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.

“கால் வெந்துச்சுன்னியே, அந்தப் பொண்ணு எங்க உக்காந்திருந்தா?”

கமலக்கண்ணன் முன்சீட்டைக் காட்டினார். பக்கிரிசாமி அங்கே மண்டியிட்டு கால்மிதியைத் தூக்கினார். அடியில் இருந்த ஸ்பாஞ்சு ஊறிக் கிடந்தது. விரலால் தொட்டுத் தேய்த்து முகர்ந்தார்.

“வழவழன்னு கீது, இனிப்பா நாறுது. இது குடிக்கிற தண்ணி இல்ல நைனா. வண்டி எந்த ஊர்ல வாங்கின?”

“ஊட்டியில.”

பக்கிரிசாமி சிரித்துவிட்டார். “அதான். உள்ள ஹீட்டர் கீது. டேஷ்போர்டுக்குள்ள சின்ன ரேடியேட்டர் ஒண்ணு. குளிருக்கு வெச்சது. இஞ்சினோட சுடுதண்ணி அதுக்குள்ளயும் ஓடும். அது மக்கிப் போச்சு. வெளியில சொட்டாம வண்டிக்குள்ளயே சொட்டிக்கினு இருந்திருக்கு. தண்ணி கொறஞ்சதும் கொதிச்சு இன்னிக்கு மொத்தமா கொட்டிடுச்சு.”

“யாராச்சும் ஓட்ட போட்டிருப்பானா?”

“இந்த டேஷ்போர்டக் கழட்ட எனக்கே அரை நாள் ஆவும். உன் எதிரிக்கு அவ்ளோ பொறுமையா?”

கமலக்கண்ணன் குரலைத் தாழ்த்தினார். “அப்ப கலர் வெளுத்தது?”

“தண்ணி சேத்தா வெளுக்கத்தான் செய்யும். எவனோ உன் இஞ்சினக் காப்பாத்திக்கினு இருந்திருக்கான்.”

ஹீட்டருக்குப் போகும் ரெண்டு குழாய்களையும் கழற்றி, ஒன்றோடொன்று இணைத்துக் கிளிப் போட்டார் பக்கிரிசாமி. மறுபடி காற்று அடித்தார். முள் அசையவில்லை. கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு கமலக்கண்ணன் நின்றார்.

மறுநாள் காலையிலேயே சூப்பர்வைசரிடம் போய் நடந்ததைச் சொன்னார். அவர் திலீப்பைத் திரும்ப வரச் சொல்வதாகச் சொன்னார். மஞ்சு வீட்டுக்குப் போய்க் காலைப் பார்த்துவிட்டு வந்தார். பாட்டிலைப் பற்றி இத்தனை நாள் தான் சொன்னது தப்பு என்று அவளிடமும் சொன்னார். சாயங்காலம் நகரியில் திலீப் வீட்டு வாசலில் போய் நின்றார். திலீப் ஒரு லோடு ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். உள்ளே வா என்று கூப்பிடவில்லை.

“தப்பு என்னுதுதாம்பா. உள்ள ஹீட்டர் ஒழுகியிருக்கு. சூப்பர்வைசர் கிட்டயும் சொல்லிட்டேன்.”

திலீப் துணியைப் பிழிந்தான். “சூப்பர்வைசர் கிட்ட மட்டுமா என்னைத் திருடன்னு சொன்ன? மரத்தடியில எல்லார் முன்னாலயும் சொன்ன. அங்க சொல்லு. அப்புறம் வரேன்.”

“சரி” என்றார் கமலக்கண்ணன். தறி போன நாளில்கூட அவர் யார் முன்னாலும் தலை குனிந்து நின்றதில்லை.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு டிரைவர்கள் சீட்டைப் பரப்பியிருந்தார்கள். திலீப்பைத் தன் பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுவந்திருந்தார் இன்னொரு டிரைவர். கமலக்கண்ணன் நடுவில் போய் நின்றார். சீட்டு நின்றது. முதலில் தமிழில் சொன்னார். திலீப் எதையும் எடுக்கவில்லை, தினமும் ஊற்றினான், அவனைத் திருடன் என்று சொன்னது தான் செய்த பெரிய தப்பு என்றார். பாதிப்பேர் திலீப்பைப் பார்த்தார்கள். மற்றவர்கள் புரிந்தும் புரியாமலும் உட்கார்ந்திருந்ததைக் கண்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அதையே மறுபடி முதலிலிருந்து தெலுங்கில் சொன்னார்.