டேங்க் கிளீனர் போட்ட வீடு

"அண்ணை, அப்பாவின்ர மீனுக்கு உடம்பெல்லாம் புண். செத்துப்போயிடும்போல கிடக்கு. ஒருக்கா வாங்கோ."

வெள்ளவத்தையில் இருந்து சுகந்தி போன் எடுத்தபோது நான் கொட்டாஞ்சேனையில் ஒரு நகைக்கடைத் தொட்டியைக் கழுவிக்கொண்டு நின்றேன். வீடு வீடாகப் போய் மீன் தொட்டி கழுவுவதுதான் என் தொழில். ஃபில்டரைக் கழற்றுவது, தண்ணீர் மாற்றுவது, செத்ததை அள்ளுவது. தங்கமீனோடு டேங்க் கிளீனர் மீனைப் போடலாமா என்று இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். போடாதே என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஏன் என்று கேட்டால் இந்த வீட்டைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

1. ஐயா கதைத்த காலம்

சுகந்தியின் அப்பா சிவஞானம் ஐயா எனக்குப் பழைய வாடிக்கையாளர். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சரியான வாய். நான் சைஃபன் குழாயைத் தண்ணீருக்குள் விட்டால் போதும், பின்னால் நின்று தொடங்கிவிடுவார். "மெல்ல, மெல்ல! கிணறே இறைக்கிறாய்?" மனைவி காலமானபிறகு அந்தத் தொட்டிதான் அவருக்குத் துணை. அதற்குள் ஒரே ஒரு ஒரண்டா. தலையில் சிவப்புக் கொண்டை, உருண்டை வயிறு, ஆடி ஆடி நீந்தும் தங்கமீன்.

கண்ணாடியில் பாசி கூடிய ஒரு நாள், ஒரு டேங்க் கிளீனர் போடுவோமா என்று கேட்டுவிட்டேன். கறுத்த உடம்பும் முள்ளுச் செட்டையுமாக, வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கிடக்குமே, அந்த மீன்.

"டேய், அந்தச் சனியனை என்ர வீட்டுப் படி ஏத்தினாயெண்டால் பிறகு உன்னையும் ஏத்தமாட்டன். என்ர ஆளுக்கு ஓடத் தெரியாது. அதுக்குப் பசிச்சா இவன்ர தோலைத்தான் உறிஞ்சும்."

மனிதர் சொன்னது முழுக்கச் சரி. தங்கமீனின் உடம்பில் வழுவழுவென்று ஒரு படை இருக்கும், நாங்கள் ஸ்லைம் கோட் என்போம். பசித்த டேங்க் கிளீனருக்கு அதன் ருசி பிடித்துவிட்டால் பிறகு விடாது. பகலில் கல்லுக்குக் கீழே பூனை மாதிரிப் படுத்திருக்கும். லைட்டை நூர்த்து இருட்டானபிறகுதான் வெளியே வரும்.

2. நித்திரைக் குளிசை

பிறகு ஐயாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரி, கிளினிக் என்று அலைந்த சுகந்தி தொட்டி வேலைக்கு என்னைக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். அந்த போன் வந்த பின்னர்தான் திரும்பப் போனேன்.

தொட்டி ஐயாவின் அறைக்குள், கட்டிலுக்கு நேரெதிரே இருந்தது. ஐயா மேலே மோட்டைப் பார்த்தபடி கிடந்தார். "எப்பிடி ஐயா?" என்றேன். கண் கூட அசையவில்லை.

"அவருக்கு ஒண்டும் விளங்கிறேல்லை அண்ணை," என்றாள் சுகந்தி. "கேட்டா பதில் இல்லை. பகலெல்லாம் இப்பிடித்தான். ராவில லைட்டை நூத்துச் சின்ன பல்பைப் போட்டா மட்டும் இடது கையால கட்டில் கம்பியில அடி அடியெண்டு அடிக்கிறார். பக்கத்து பிளாட்காரர் கொம்ப்ளெயின். டொக்டரிட்டச் சொன்னன், நித்திரைக் குளிசை எழுதித் தந்தவர். அது காணாதெண்டு இப்ப கூட்டியிருக்கு."

ஒரண்டாவின் விலாவில் செதில் போய், வட்ட வட்டமாகச் சிவந்திருந்தது. நோயில் வருகிற புண் அப்படி வட்டமாக இராது. கல்லை விலக்கினேன். கீழே என் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு டேங்க் கிளீனர்.

"இதை ஆர் போட்டது?"

"நான்தான். எனக்கெங்க கழுவ நேரம்? கடைக்காரன் சொன்னவன், இது ஊத்தையெல்லாம் தின்னும் மிஸ், சாப்பாடும் போடத் தேவையில்லை எண்டு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கடைக்காரர்களைப் பிடித்து ஒரு கிழமை பட்டினி போட வேண்டும். ஊத்தையைத் தின்று ஒரு சீவனும் உயிர் வாழாது. அதற்கும் கெக்கரிக்காய்த் துண்டு போடவேண்டும், தனி உணவு போடவேண்டும். அது பாவம், பசியில் செய்கிறது.

இதுதான் மீனை உறிஞ்சுகிறது என்றேன், சுகந்தி நம்பவில்லை. "சும்மா கல்லோட கிடக்கிற மீன் அண்ணை!" இப்படிச் சொல்கிறவர்களுக்கு நான் கதைத்துப் புரியவைப்பதில்லை, காட்டிவிடுவேன். ஜன்னல் கர்டினை இழுத்தேன். தொட்டி லைட்டை நூர்த்து, கட்டில் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றப் பக்கங்களைக் கறுப்புத் துணியால் மூடினேன். அறை இருண்டது, கர்டின் இடுக்கால் வந்த கொஞ்ச வெளிச்சத்தில் மீன் நிழலாகத் தெரிந்தது. இரண்டு பேரும் சத்தமில்லாமல் கட்டில் ஓரம் இருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் கல்லுக்குக் கீழே இருந்து அது வெளியே வந்தது. கண்ணாடியில் ஏறியது, இறங்கியது. பிறகு ஒரண்டாவின் விலாவில் போய் ஒட்டிக்கொண்டது. ஒரண்டா உதறி உதறிப் பார்த்தது, முடியவில்லை.

டங், டங், டங் என்று எங்களுக்குப் பின்னால் சத்தம். ஐயா இடது கையால் கம்பியில் அடித்துக்கொண்டிருந்தார்.

நான் கைவலையை விட்டு டேங்க் கிளீனரைக் கலைத்தேன். அது விட்டது. அடியும் நின்றது. அது திரும்ப வந்து ஒட்ட, ஐயா திரும்ப அடித்தார். கட்டிலுக்குக் கிட்டப் போய், "ஐயா, இந்தச் சனியனைத் தூக்கட்டே?" என்று கேட்டேன். அவர் கையை நீட்டித் தொட்டியைக் காட்டினார். கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

இவ்வளவு காலமும் கண்முன்னே தன் மீனை உயிரோடு தின்னக் கண்டு மனிதர் உதவி கேட்டிருக்கிறார். நாங்கள் குளிசை கொடுத்திருக்கிறோம்.

டேங்க் கிளீனரை வாளிக்குள் போட்டேன். எங்கள் ஆட்கள் சிலர் செய்வதுபோல அதைக் கொண்டுபோய் வெள்ளவத்தைக் கால்வாயில் கொட்டாதீர்கள், அங்கே இருக்கிற மீன் பாவம். லைட்டைப் போட்டுத் திரும்பினால் சுகந்தி சுவரோடு நின்றாள். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"அண்ணை, அப்ப அப்பாவுக்கு எல்லாம் விளங்குதோ?"

"விளங்காட்டி ஏன் அடிக்கிறார்?"

அவள் என்னை ஹோலுக்கு இழுத்துக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள்.

"எனக்கு அவுஸ்திரேலியா விசா வந்திட்டுது. என்ர மனுசனும் பிள்ளையளும் அங்க. அப்பாவை வத்தளையில ஒரு முதியோர் இல்லத்தில விடப்போறம். எல்லாத்தையும் நான் இந்த அறைக்குள்ள நிண்டுதான் போனில கதைச்சனான். ஸ்பீக்கரில. அவருக்கு விளங்காதுதானே எண்டு." வாயைப் பொத்திக்கொண்டாள். "கடவுள் எடுத்தாலும் பரவாயில்லை எண்டும் சொன்னனான் அண்ணை. ஒருக்கா இல்லை, கனதரம் சொன்னனான்."

போகாதே என்றால் பிள்ளைகள் அங்கே அழுகிறார்கள். போ என்றால் ஐயா கதவுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறார். வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

3. வான் வந்த காலை

புண் ஆறியது. குளிசையைக் குறைத்தார்கள், ஐயா பகலில் முழித்திருந்தார். நான் போகும்போது தலையை ஆட்டுவார். போன் வந்தால் சுகந்தி பல்கனிக்கு ஓடினாள். பயணம் மட்டும் மாறவில்லை.

இல்லத்தில் மீன் தொட்டி வைக்க விடமாட்டார்களாம். ஒரண்டாவைக் கொண்டுபோக என்னையும் அந்தக் காலையில் வரச் சொல்லியிருந்தாள். மீனைப் பையில் போட்டு ஐயாவுக்கு முன்னால் பிடித்தேன். "இவனை நான் வடிவாப் பாப்பன் ஐயா, பயப்படாதேங்கோ," என்றேன். அவர் மீனைப் பார்க்கவே இல்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இல்லத்து வான்காரன் கீழ நிக்கிறான். விடுங்கோப்பா."

விடவில்லை. அவள் ஒரு விரலைக் கழற்றினால் மற்ற விரல் இறுகியது. அவள் விம்மி விம்மி அழத் தொடங்கினாள்.

"அண்ணை, என்னால ஏலாது. நீங்க எடுத்துவிடுங்கோ."

பையைக் கதிரையில் வைத்துவிட்டு ஐயாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அப்போதுதான் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "குறை நினையாதேங்கோ ஐயா," என்றேன். நான் சொன்னது அவருக்கு நன்றாக விளங்கியது. அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.