ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை யாரும் பேசவில்லை

என் அண்ணன் வேட் கூசெரா அயோவாவில் ஒரு சின்ன ஊர் பேஸ்பால் அணிக்குப் பந்து வீசியவன். பெரிய அணிக்கு ஆள் தேடும் ஒருவர் அவனைப் பார்க்க வந்திருந்த நாளில்தான் அவனுடைய வலது கை போனது. நான் அப்போது ஊரில் இல்லை. திரும்பி வந்த பிறகு அவனும், அவன் பந்துகளைப் பிடிக்கும் டெல்மரும் சொல்லித்தான் தெரியும்.

ஐந்து இன்னிங்ஸ் வரை எதிரணியில் ஒருவன்கூட அவன் பந்தை அடித்து ஓடித் தளம் சேரவில்லை; ஒரு ஹிட் கூடக் கிடைக்கவில்லை. ஆட்டம் அப்படிப் போகும்போது பந்து வீசும் பிட்சரிடம் யாரும் பேசமாட்டார்கள். பேசினால் அந்த அதிர்ஷ்டம் கலைந்துவிடும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. பெஞ்சின் ஓரத்தில் வேட் தனியாக உட்கார்ந்திருந்தான். வழக்கமாக அவன் காதைக் கிண்டல் செய்யும் பையன்கள்கூடத் தள்ளியே இருந்தார்கள்.

ஆறாவது இன்னிங்ஸில் முழங்கைக்குள் நெருப்பு வைத்தது போல இருந்தது. பெஞ்சுக்குத் திரும்பி வந்து அந்தக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். கோச் ப்ளம் பார்த்தார். பார்த்துவிட்டுத் தரையில் துப்பினார். யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். தானாகச் சொல்ல வாய் வரவில்லை. பார்வையாளர் படிகளில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரிய அணி ஆள் தன்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று அவனுக்குத் தெரியும்.

எட்டாவதில் பந்து தாறுமாறாகப் போனது. வேட் நின்று பந்து வீசும் மேட்டுக்கு டெல்மர் ஓடிவந்தான்.

"சாயங்காலம் என்னடா சாப்பிடறே?"

"பன்றிக்கறி."

"உங்கம்மா செஞ்சதா? எனக்கும் எடுத்து வை." சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பந்து வரை ஒரு ஹிட்டும் இல்லை. எல்லோரும் ஓடிவந்து மேலே விழுந்தார்கள். "கைய விடுங்கடா," என்றான் வேட். யாருக்கும் கேட்கவில்லை.

அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு கோடைகள் முயன்றும் வேகம் திரும்பவில்லை. ஊர் அணி அவனை ஆட்டத்திலிருந்து விடுவித்துவிட்டது.

டெல்மரிடம் நான் சண்டைக்கே போனேன். "பக்கத்துலயே நின்ன, உனக்குத் தெரியலயா?"

"ஆறாவதுலயே தெரியும்."

"அப்ப வாயத் தொறக்க வேண்டியதுதானே?"

"அந்த நேரத்துல எவன்மா தொறப்பான்?"

"அவன விடு," என்றான் வேட். "அவன் எடத்துல நான் இருந்தாலும் சோத்தப் பத்திதான் பேசியிருப்பேன்."

விடுவித்த அன்று அணியின் அறையில் இருந்த அவனுடைய பெட்டிகளை டெல்மர்தான் காரில் ஏற்றினானாம். வேட் இடது கையால் டிக்கியை மூடினான். முதல் தடவை சரியாகச் சாத்தவில்லை.