பல்பொடிக்குப் போன மெட்டு

இன்று காலை பல் விளக்கும்போது வாய் தானாக ஒரு பாட்டை முணுமுணுத்தது.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல்: "ஏனுங்க, அந்தக் கம்பெனியத் திட்டறதும் நீங்கதான், அவிங்க பாட்டப் பாடறதும் நீங்கதானா?"

கல்யாணமான நாளிலிருந்து இதே கேள்வி. பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் பாலக்காட்டுச் சித்தூரில் காலேஜ் மாணவன்.

எருத்தேன்பதிப் பக்கம் எந்தக் கோயில் திருவிழா, எங்கள் பேச்சில் நோம்பி, என்றாலும் 'பனந்தோப்பு பாய்ஸ்' கச்சேரிதான். (பாய்ஸ் என்று பெயர். எல்லோரும் பிள்ளைகுட்டிக்காரர்கள்.)

தலைவர் ஆறுச்சாமி அண்ணன். பகலில் மீனாட்சிபுரத்தில் பால் வியாபாரம், பொழுது சாய்ந்தால் அக்கார்டியன்.

மற்ற குழுக்கள் சினிமாப் பாட்டில் தொடங்கும். இவர்கள் தொடங்குவது அண்ணனே போட்ட ஒரு மெட்டில். வார்த்தை கிடையாது. அக்கார்டியன் தனியாக ஏதோ கேட்டுக்கொண்டே ஏறும். தபேலா அவசரப்படாமல் காத்திருந்து, சரியான இடத்தில் வந்து சேரும்.

அந்த மெட்டுக்காகவே சைக்கிள் மிதித்து ஊர் ஊராகப் போயிருக்கிறேன். அது எனக்கு மட்டுமே புரிந்தது என்று ஒரு மிதப்பும் இருந்தது.

ஒரு வருஷம் நோம்பிக்குப் போனால், மேடைத் திரையில் ஒரு பல்பொடிக் கம்பெனியின் பெயர். டிரம்மிலும் அதுதான். எல்லோருக்கும் மஞ்சள் சட்டை.

போகட்டும், மெட்டு இருக்கிறதே என்று கண்ணை மூடினேன். அக்கார்டியன் ஏறியது.

பாடகர் வாயைத் திறந்தார்: "முத்துப் பல்லு, கெட்டி ஈறு, காலையில ஒரு சிட்டிகை..."

என் மெட்டு!

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் போய் நின்றேன்.

"ஏனுங்ணா, குடுக்கறதுக்கு வேற மெட்டே இல்லீங்களா?"

"வேறயும் போட்டுப் பாத்தனுங்க தம்பி. எனக்கே புடிக்கல. குடுத்தா நல்லதத்தான குடுக்கோணும்?"

"பல்பொடிக்கா?"

"கேக்கறது நம்ம சனந்தான? பல்பொடியா கேக்குது?"

தபேலாக்காரர் ரங்கன் குறுக்கே வந்தார். "உடுங்ணா. தம்பி காலேஜுக்காரரு, வேப்பங்குச்சில வெளக்குவாரு. பஸ்ஸு மேல கட்டி, மழைல நனைஞ்ச தபேலாவ அடுப்புல காட்டுனது நானு. இப்ப கம்பெனி வேன் குடுத்திருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அதன் பிறகு அவர்கள் கச்சேரிக்குப் போகவேயில்லை.

ஆனால் அன்று வயல் வழியே வரும்போது இரண்டாம் பாதி ஒலிபெருக்கியில் துரத்திக்கொண்டே வந்தது. மறுபடியும் பல்பொடி. பெடலை மெதுவாக்கினேன்.

'சிட்டிகை' என்ற சொல்லில் அண்ணன் புதிதாக ஒரு வளைவு வைத்திருந்தார். ஒரு சிட்டிகைப் பொடிக்கு அவ்வளவு இழைப்பு! எங்கள் வார்த்தையில்லாத மெட்டில் அது கிடையாது. சொல்லக் கசக்கிறது: இதுதான் உசத்தி.

கம்பெனி மூடிப் பல காலமாயிற்று. அண்ணனும் இல்லை. எருத்தேன்பதியிலிருந்து ஆனைகட்டிவரை என் வயதுக்காரர் யாரை நிறுத்திக் கேட்டாலும் அந்தப் பாட்டைப் பாடுவார்கள். அவர் போட்டதில் மிஞ்சியது அது ஒன்றுதான். காப்பாற்றியது பல்பொடி. (அதற்காகவும் கம்பெனியை மன்னிப்பதாக இல்லை.)

நண்பர்களே, ஓர் உதவி.

வார்த்தை இல்லாத அந்தப் பழைய மெட்டு யாருக்காவது நினைவிருக்கிறதா? காலையிலிருந்து முயல்கிறேன்.

பாதி தாண்டுவதற்குள் 'ஒரு சிட்டிகை' வந்துவிடுகிறது. அந்த வளைவை விட்டுவிட்டுப் பாடவும் மனசு வரவில்லை.