மலிவாக வந்த அடிவானம்

எஸ்பியர்க் என்ற டேனிஷ் கடலோர நகரில் நான் வைத்திருக்கும் இரண்டு இருக்கை விமானத்துக்கு என்னைவிட வயது அதிகம். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கப் பழக விரும்பினேன். அதற்கு, விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும் செயற்கை அடிவானம் வேண்டும். புதிதாக வாங்க வசதியில்லை. பறப்பதை விட்டுவிட்ட ஒரு டேனிஷ் கிழவர் தன்னுடையதை அடிமாட்டு விலைக்குத் தந்தார்.

“ஏனாம் இவ்வளவு மலிவு?” என்றாள் மனைவி.

“மேகத்துக்குள்ள நேராப் போகேக்கையும் இடப்பக்கம் சாயுதெண்டு பொய் காட்டுமாம்.”

“பிறகென்னத்துக்கு வாங்கினனீங்கள்?”

திருத்தலாம் என்று நினைத்திருந்தேன். பட்டறையிலோ பழுதே இல்லை என்று சான்றிதழ் தந்துவிட்டார்கள். நான் நம்பவில்லை. பட்டறைக்காரனும் கிழவரும் ஒரே கிளப்பில் கோப்பி குடிப்பவர்கள்.

அதைப் பொருத்திப் போன முதல் பயிற்சியில், கருவிகள் மட்டும் தெரிய, வெளியே எதுவும் தெரியாதபடி பயிற்றுநர் என் கண்ணுக்கு மேல் மறைப்பு மாட்டினார். விமானம் நேராகத்தான் போனது. என் உடம்புக்குத் தெரியாதா? கருவி மட்டும் இடப்பக்கச் சாய்வு காட்டியது.

“பார்த்தீர்களா, பொய்!” என்று கத்தினேன்.

அவர் மறைப்பைக் கழற்றினார். இடப்பக்க இறக்கை கடலைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

கருவிமேல் இப்போது எனக்குச் சந்தேகமில்லை. அந்தக் கிழவர் இத்தனை வருடம் எப்படி உயிரோடு தரையிறங்கினார் என்பதில்தான் சந்தேகம்.