சிறுவாச்சூரிலிருந்து கிண்டிப் பூங்காவுக்கு, சும்மா

திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி.

கடைசி அர்ச்சனைத் தட்டைக் கொடுத்த கையோடு கோயில் வாசலில் இருக்கிற எங்கள் தேங்காய்க் கடைக்குப் பலகை போட்டுவிட்டு, நானும் என் மூன்று பிள்ளைகளும் சிறுவாச்சூர் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். பெரியவள் வளர்மதிக்கு எட்டு வயது, குமாருக்கு ஐந்து, தேன்மொழிக்கு மூன்று. கையில் ஒரு துணிப்பை, தூக்குவாளி நிறையப் புளிச்சோறு, ஒரு கூஜா தண்ணீர். போகிற இடம் மெட்ராஸ், கிண்டியில் இருக்கிற சிறுவர் பூங்கா. போகிற காரணம் ஒன்றும் இல்லை.

இந்தக் 'காரணம் ஒன்றும் இல்லை' என்பதுதான் வீட்டில் பெரிய விவகாரமாகிவிட்டது. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் சனத்தில் ஒருவர் ஊரை விட்டுப் போகிறார் என்றால் கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, கோர்ட்டு இதில் ஒன்றாக இருக்க வேண்டும். சுற்றிப் பார்க்கவென்று யாரும் எங்கும் போனதில்லை. என் வீட்டுக்காரர் ஒரு வாரமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சாமிக்கும் இல்ல, சாவுக்கும் இல்ல. சும்மா பாக்கறதுக்கு மெட்ராஸா? ஆம்பள தொண இல்லாம மூணு புள்ளைங்கள இழுத்துகிட்டு? ஒனக்கு என்னா கிறுக்கு புடிச்சிருக்கா?"

"ஆமாங்க, கிறுக்குதான். செவ்வாக்கெழம பாத்துட்டு புதன்கெழம காலைல வந்துடறேன்" என்றேன். தேங்காய் லோடு வரும் என்பதால் அவரால் கிளம்ப முடியாது. நான் பிடித்தால் விட மாட்டேன் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே பஸ் ஏற்றிவிட அவரே வந்தார்.

அப்படி என்ன பிடிவாதம் என்று கேட்பீர்கள். அதற்கு முந்தின மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மெட்ராஸ்காரக் குடும்பம் ஒன்று காரில் கோயிலுக்கு வந்தது. அவர்கள் வீட்டுப் பெண்ணுக்கும் எட்டு வயதிருக்கும். எங்கள் கடை வாசலில் நின்று, மான் இருக்கும், ஊஞ்சல் இருக்கும், உயரமான சறுக்குமரம் இருக்கும் என்று தங்கள் ஊர்ப் பூங்காவைப் பற்றி அளந்துவிட்டு, "நீ விளையாட எங்கே போவே?" என்று வளர்மதியைக் கேட்டது. வளர்மதி தேங்காய்க்கு நார் பிய்த்துக்கொண்டே, "எனக்குக் கடை இருக்கு" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் நெஞ்சில் சுருக்கென்றது. சில்லறை கணக்குப் பார்க்கிறாள், தம்பியை அதட்டுகிறாள், தங்கைக்குச் சோறு ஊட்டுகிறாள், நாற்பது வயதுப் பொம்பளை போல இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். இவள் விளையாடி நான் பார்த்ததே இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஒரு நாளாவது பார்த்தே தீருவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பெரம்பலூர் எட்டு கிலோமீட்டர். அங்கே ரயில் கிடையாது, ரயிலுக்கு அரியலூர்தான் போக வேண்டும். அது இன்னும் முப்பது கிலோமீட்டர், வழியெல்லாம் பருத்திக் கொல்லையும் சுண்ணாம்புக் கல் லாரிகள் கிளப்பும் புழுதியும். டிக்கெட் கிழிக்கும்போது கண்டக்டர் கேட்டார்: "என்னாங்க, புள்ளைங்களோட? ஆஸ்பத்திரிக்கா?"

"இல்லீங்க. மெட்ராஸ்ல பூங்கா பாக்க."

அவர் சிரித்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

அரியலூர் பிளாட்பாரத்தில் இன்னொரு விசாரணை. ஆண்டிமடத்து அம்மா ஒருவர் மகள் பிரசவத்துக்காகப் போகிறார், மடியில் முந்திரிப்பருப்பு மூட்டை. பிள்ளைகளுக்கு ஆளுக்கு நாலு பருப்பு கொடுத்துவிட்டு, "என்னா விசேசம், மெட்ராஸ்ல?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் வளர்மதி முந்திக்கொண்டாள்.

"அம்மாவுக்குக் கண்ணு பாக்கப் போறோங்க."

அந்த அம்மா உச்சுக்கொட்டி, என் கண்ணைத் திறந்து பார்த்து, நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டச் சொன்னார். அவர் தண்ணீர் பிடிக்க எழுந்து போனதும், "ஏன்டி பொய் சொன்னே?" என்றேன்.

"பின்ன? சும்மா போறோம்னா சிரிப்பாங்கம்மா" என்றாள் அவள். குற்றம் சொல்ல முடியவில்லை, கண்டக்டர் சிரித்ததைப் பார்த்திருக்கிறாள். ராத்திரி வண்டியில் இடம் பிடித்து மூவரையும் மடியிலும் தோளிலுமாகத் தூங்கப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை, விடிகாலை.

தாம்பரத்தில் இறங்கி எலெக்ட்ரிக் டிரெயின் மாறினோம். கதவே சாத்தாமல் ஓடுகிற ரயிலைக் குமார் வாய் பிளந்து பார்த்தான். கிண்டியில் இறங்கியதும் ஸ்டேஷன் குழாயில் முகம் கழுவி, பக்கத்துக் கடையில் இட்லி சாப்பிட்டோம். ஊரில் இருபது பைசாவுக்கு விற்பது அங்கே முப்பது, அளவும் சின்னது. பிறகு வழி கேட்டுக் கேட்டு, ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும், தேன்மொழியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே போனோம். இரண்டு பக்கமும் பெரிய பெரிய மரங்கள். வெயிலே படவில்லை.

பூங்காவின் கதவு சாத்தியிருந்தது. இன்னும் நேரமாகவில்லை போலிருக்கிறது என்று தூக்குவாளியை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். காக்கிச் சட்டைக் காவலாளி வந்தார்.

"இன்னாம்மா, இங்க உக்காந்துட்டே? இன்னிக்கு லீவு. செவ்வாக்கெழம தொறக்க மாட்டாங்க. எந்த ஊரு?"

"பெரம்பலூர் பக்கங்க."

"அம்மாந் தூரத்துலேர்ந்து வரே. விசாரிச்சுக்கினு வரக்கூடாதா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. எங்கள் ஊர்க் காளியம்மன் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும் மட்டும்தான் திறக்கும். மற்ற ஐந்து நாளும் நடை சாத்தியிருக்கும். தெரியாமல் செவ்வாயும் புதனும் கார் போட்டுக்கொண்டு வந்து, சாத்திய கதவுக்கு முன்னால் முழிப்பவர்களை நாங்கள் கடையில் உட்கார்ந்தபடி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்! "விசாரிச்சுட்டு வரக் கூடாதா?" என்று இதே வார்த்தையைத்தான் நானும் சொல்லியிருக்கிறேன். கடை இல்லாத நாளாகப் பார்த்துச் செவ்வாயைத் தேர்ந்தெடுத்த எனக்கு, சாமிக்கே லீவு இருக்கும்போது பூங்காவுக்கு இருக்காதா என்று தோன்றவே இல்லை. ஊரில் வேறு யாராவது இந்தத் தப்பைச் செய்திருந்தால் ஒரு வருஷத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

குமார் ஓவென்று அழ ஆரம்பித்தான். அவனைப் பார்த்துத் தேன்மொழியும் அழுதாள். வளர்மதி அழவில்லை. கம்பி இடுக்கு வழியாக உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, தம்பியின் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"பரவால்லம்மா. மான் இங்கேருந்தே தெரியுது, பாத்தாச்சு. சாயங்கால வண்டிக்கே போயிடுவோம். வெள்ளிக்கெழமைக்குத் தேங்கா உரிக்கணும்ல?"

அழுதிருந்தால்கூடச் சமாதானம் சொல்லி ஊருக்குத் திரும்பியிருப்பேன். அந்தப் 'பரவால்லம்மா'தான் என்னைக் கிளப்பிவிட்டது. இப்போது திரும்பிப் போனால், சும்மா போனதற்கு நல்லா வேணும் என்று ஊர் சொல்லும், என் வீட்டுக்காரர் இனி ஜென்மத்துக்கும் அனுப்ப மாட்டார். அதைவிட, இவ்வளவுதான் என்று என் மகள் சரிகட்டிக்கொண்டுவிடுவாள்.

"நாளைக்குத் தொறப்பாங்களாங்க?" என்று காவலாளியைக் கேட்டேன்.

"நாளைக்குத் தொறப்பாங்க. அதுவரைக்கும் எங்க இருப்பே?"

"இருப்போங்க" என்றேன். எங்கே என்று எனக்கும் தெரியாது.

பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போனோம். குமாரும் தேன்மொழியும் அலைக்குக் கத்திக் கூச்சல் போட்டார்கள். வளர்மதி நாலு பேர் செருப்பையும் வரிசையாக வைத்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். "நான் பாத்துக்கறேன்டி, நீ போ" என்றால், "நீ கவனிக்க மாட்டேம்மா" என்கிறாள்.

மாலை ஐந்து மணிக்கு எழும்பூர். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு லாட்ஜில் ரூம் கேட்டேன். மேசையில் இருந்தவர் என் பின்னால் எட்டிப் பார்த்தார். "ஆம்பளை யாரும் வரலியா? தனி லேடீஸுக்கு ரூம் குடுக்கறதில்லைம்மா." அடுத்த லாட்ஜிலும் அதையே சொன்னார்கள். மூன்று பிள்ளையோடு வந்தவள் எப்படித் தனி என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன். நேரே ஸ்டேஷனுக்குள் போய் மறுநாள் ராத்திரி வண்டிக்கு டிக்கெட் வாங்கி, அதைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் தங்கும் அறைக்குப் போனேன். அங்கிருந்த ஆயா டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நாளைக்கு ராத்திரி வண்டிக்கு இப்பவே வந்து குந்தினா எப்டிம்மா?"

"பூங்கா பாக்க வந்தோங்க. இன்னிக்கு லீவாம். பாக்காம போறதா இல்ல."

"பார்க் பாக்கவா? அரியலூர்லேர்ந்தா?" ஆயாவும் சிரித்தாள். ஆனால் சிரித்துவிட்டு மூலையில் பாயை விரித்துக் கொடுத்தாள். வளர்மதி அவளிடம் கண் ஆஸ்பத்திரிக் கதையை ஆரம்பிக்கவில்லை.

வீட்டுக்குத் தகவல் சொல்லத் தந்தி கொடுக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் தந்திக்காரரைக் கண்டாலே, பிரித்துப் படிப்பதற்கு முன் ஒப்பாரி வைத்துவிடுவார்கள். ஆகவே கொடுக்கவில்லை. மனுஷன் ஒரு நாள் தவிக்கட்டும், வந்து சமாதானம் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை, காலை ஒன்பது மணி.

கதவு திறக்குமுன்பே போய் நின்றுவிட்டோம். "வந்துட்டியா!" என்றார் அதே காவலாளி. பெரியவருக்கு ஐம்பது பைசா, பிள்ளைகளுக்கு இருபத்தைந்து. தேன்மொழிக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளே புள்ளிமான்கள் கூட்டமாக நிற்கின்றன. கூண்டுகளில் குரங்கும் கிளியும் மயிலும். ஆலமர நிழலில் ஊஞ்சல், சீசா, அந்தக் கோடியில் சறுக்குமரம். உட்கார்ந்து சாப்பிடச் சிமெண்ட் பெஞ்சுகள், குடிக்கக் குழாய்த் தண்ணீர். கைக்குழந்தையோடு போகிறவர்கள் தைரியமாகப் போகலாம், வெயில் தெரியாது. செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள்.

குமார் ஊஞ்சலுக்கு ஓடினான். வளர்மதி ஒரு பெஞ்சில் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கெஞ்சினேன், அதட்டினேன். "நீங்க ஆடுங்கம்மா. நான் இருக்கேன்." இதற்கா இரண்டு நாள் அலைந்தேன் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. தேன்மொழியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்ச் சறுக்குமரத்தில் ஏறினேன். கீழே நின்ற பட்டணத்துப் பெண்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்து கையை விட்டேன். பாதி வழியில் புடவை எதிலோ மாட்டிக்கொண்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. பின்னால் பிள்ளைகள் வரிசையாக நின்று கத்துகிறார்கள். தேன்மொழி கை தட்டுகிறாள்.

"அய்யோ, அம்மா!" என்று வளர்மதி ஓடி வந்தாள். படியேறி, வரிசையில் நின்ற பிள்ளைகளை விலக்கிக்கொண்டு என் பின்னால் இறங்கி வந்து, என் முந்தானையை விடுவித்தாள். விடுபட்ட வேகத்தில் மூன்று பேரும் ஒன்றாகச் சரிந்து மணலில் போய் விழுந்தோம். அவள் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். சறுக்குமரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"எங்க மாட்டுச்சுன்னு பாத்துட்டு வரேன்" என்று மறுபடி ஏறினாள். இந்தத் தடவை தனியாக வந்தாள். அதற்கடுத்த தடவைக்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் முன்பின் தெரியாத இரண்டு பெண்களோடு சேர்ந்துகொண்டு, கையைத் தூக்கிக் கூவிக்கொண்டே வந்தாள். அந்தக் குரல் அவளுடையதா என்று எனக்கே சந்தேகம் வந்தது. சோறு சாப்பிடக் கூப்பிட்டால் "அப்பறம்!" என்று ஊஞ்சலிலிருந்து சத்தம். தம்பி விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டான், அவள் கவனிக்கவில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்து பையைப் பார்த்துக்கொண்டேன். இவ்வளவு நிம்மதியாக நான் எங்கும் உட்கார்ந்ததில்லை.

மாலை ஐந்து மணி ஆயிற்று. எழும்பூர் போய் வண்டி பிடிக்க வேண்டும்.

"வளரு, போதும்டா. வா, போவோம்."

"வரல."

"வண்டிக்கு நேரமாச்சு."

"நான் வரல!" ஊஞ்சல் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிடித்து இழுத்தேன். மணலில் விழுந்து, காலை உதைத்துக்கொண்டு, தொண்டை கிழிய அழுதாள். போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். குமார் பயந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "அக்காவுக்கு என்னாம்மா ஆச்சு?" என்றான். அவன் பிறந்ததிலிருந்து அவள் அடம்பிடித்துப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

எங்கள் ஊராக இருந்தால் அந்த அழுகைக்கு முதுகில் ஒன்று விழுந்திருக்கும். எனக்குக் கை எழவில்லை. சந்தோஷம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

காவலாளி ஓடி வந்தார். "இன்னாம்மா, நேத்து பெரிய மனுஷி மாதிரி நின்னுச்சு இந்தப் பொண்ணு. இன்னிக்கு இப்டி அழுவுது? அடிச்சியா?"

"இல்லீங்க. வூட்டுக்குப் போவலாம்னு கூப்ட்டேன்."

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கதவு சாத்த இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வளர்மதிக்கு அது காதில் விழுந்துவிட்டது. எழுந்தாள், புறங்கையால் மூக்கைத் துடைத்தாள், சறுக்குமரத்துக்கு ஓடினாள். நான் பின்னால் வருகிறேனா என்று திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.